தனிப் பாடமா, எல்லாப் பாடமுமா?

எங்கள் தோட்டப் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர் ஒருவரிடம், ‘நீடித்த மேம்பாடு என்பது யாது?’ என்று கேட்டேன். வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராமல் இன்றைய தேவையை நிறைவு செய்தல் என, 1987ஆம் ஆண்டு புருந்லாந்து ஆணையம் தந்த விளக்கத்தைப் பிழையின்றி ஒப்புவித்தார். அதற்கெனத் தனிப் பாடம் ஒன்று படித்துத் தேர்வும் எழுதியவராம். ‘தைப்பிங்கிலிருந்து பத்துக் கல் தொலைவிலுள்ள மாத்தாங் காட்டைப் பார்த்ததுண்டா?’ என்றேன். இல்லை என்றார். குறை அவருடையது அன்று, கற்பித்த முறையினுடையது.

மாத்தாங், ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள கண்டற்காடு. 1902 முதல் காப்புக் காடாக்கப் பெற்று, கணக்கிட்டு வெட்டப்பட்டு வருகிறது. இன்றுள்ள முறைப்படி, ஒரு பகுதியை முழுதும் வெட்டினால் மறுபடி அங்கே 30 ஆண்டு கழித்தே வெட்டுவர். இடையில், 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும், மரங்களின் நெருக்கத்தைக் குறைப்பர். அதற்குக் கருவி ஒரு கோல்தான்! நிற்க வேண்டிய நல்ல மரத்தை நடுவாக வைத்து, முதன்முறை 1.2 மீட்டர்க் கோலாலும் அடுத்தமுறை 1.8 மீட்டர்க் கோலாலும் சுற்றி அளந்து, அதனுள் அகப்படும் மரங்களை வெட்டி எடுப்பர். அவை கழிகளாக விலைபோகும். முதிர்ந்த மரம் கோலா செபெத்தாங் சூளைகளில் கரியாகும். வெட்டிய இடத்தில் போதிய கன்று தானே முளைக்கவில்லையெனில் நட்டுவிடுவர்.

இந்த ஒரு கோலைக் கொண்டு பல்கலைக்கழகத்தில் எத்தனை துறைகள் பாடம் நடத்தலாம்! மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாவது எப்படி என்பது வேதியியல். கரியின் விலை பெரிதா, கரையைக் காத்து நிற்கும் காட்டின் விலை பெரிதா என்பது பொருளியல். ஓரின மரமே மிகுந்து நிற்கும் காட்டைக் குறையற்றதெனக் கொள்ளலாமா என்று உயிரியல் மாணவர் வாதிடட்டும்; வாதிடவும் வேண்டும். தமிழ்த் துறையோ? நெய்தல் திணைப் பாடல்களிற் கண்டல் வருகிறது. நம் மாணவர் அதனைக் கருப்பொருள் என்று மனப்பாடம் செய்வர். நம் கடற்கரைச் சேற்றில் வேரூன்றி நிற்கும் மரமே அது என்றறியார்.

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இத்துறையில் முன்னே நடந்தது. நீடித்த மேம்பாட்டுக் கல்விக்கென ஐக்கிய நாடுகள் சபை வகுத்த பத்தாண்டு 2005இல் தொடங்கிய போதே, அதற்கான வட்டார மையமொன்று அங்கே அமைந்தது. 2008இல் ‘ஏபெக்ஸ்’ தகுதி பெற்றபோதும் நீடித்த வருங்காலத்தையே தன் திட்டத்தின் கருவாகக் கொண்டது. ஆயினும் திட்டம் மேலிடத்தில் இருந்தால் போதாது. விரிவுரைக்கு வர வேண்டும். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பர் விரிவுரையாளர். புதுப் பாடம் யார் கேட்டது? பழைய பாடத்தின் எடுத்துக்காட்டுகளை மாற்றினாற் போதும்.

பின்னர் அப்பயிற்சி ஆசிரியர் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை மாத்தாங்குக்கு அழைத்துச் சென்று, கணிதப் பாடத்தைக் கோலும் கையுமாக நடத்தினார். நானும் உடன் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு சிறுமி கேட்டாள்: ‘ஐயா, நம்ம தோட்டத்துப் பால்மரத்தையெல்லாம் வெட்டுனப்ப யாராவது கோல் வச்சு அளந்தாங்களா?’