கடலைக்காட்டில் மயங்கி விழுந்தால்... முதல் அரை மணி நேரம்தான் முக்கியம்!

மார்கழிப் பட்டத்தில் போட்ட நிலக்கடலை சித்திரையில் பிடுங்க வந்துவிடும். எள் அறுவடையும் அதையொட்டியே வரும். கரும்பு ஆலைகள் அரவையை முடிக்கும் நேரம் என்பதால் கடைசி வெட்டும் அவசரமாக நடக்கும். இவ்வளவு வேலையும் வந்து விழுவது கத்திரி வெயிலுக்குச் சற்று முன்னும் பின்னும்தான். ஆள் கிடைப்பதே பெரும்பாடு, கிடைத்த அன்றே முடித்துவிட வேண்டும் என்று நினைப்பது இயல்பு. பதினொரு மணிக்குக் கரையேற வேண்டியவர்கள் ‘இன்னும் நாலு சால்தானே’ என்று ஒரு மணி வரை குனிந்து கிடப்பது இப்படித்தான். வெயில் ஆளை அடிப்பதும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

வேலூர், ஈரோடு, திருச்சி, மதுரை, கரூர் பரமத்தி போன்ற இடங்களில் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. ஆனால், வானிலை மையம் சொல்லும் அளவு, காற்றோட்டமான பெட்டிக்குள் நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவது. வெட்டவெளிக் காட்டில் குனிந்து வேலை செய்பவருக்கு மேலிருந்து வெயில், கீழிருந்து மண்ணின் அனல் என இரண்டு பக்கமும் சூடு. கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர மாவட்டங்களில் வெப்பம் 37, 38 என்று குறைவாகத் தெரிந்தாலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும் என்பதால், அந்த ஊர்களிலும் ஆபத்துக் குறைவில்லை.

எது களைப்பு, எது ஆபத்து?

தலைவலி, கை கால் குடைச்சல், தசைப்பிடிப்பு, குமட்டல், அதிக வியர்வை, கண் இருட்டுவது. இவை உடம்பு தரும் முதல் எச்சரிக்கை. இந்த நிலையில் நிழலுக்கு வந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, உடம்பை நனைத்துக்கொண்டு படுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அன்று மறுபடி வெயிலில் இறங்கக் கூடாது.

பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது வேறு கதை. அதுதான் வெப்ப வாதம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை முதல் சிறுநீரகம் வரை பாதிக்கப்படும் நிலை. ‘வியர்வை நின்றால்தான் வெப்ப வாதம்’ என்று பலரும் நம்புகிறார்கள். வீட்டில் முடங்கிக் கிடக்கும் முதியவர்களுக்குத் தோல் வறண்டு போவது உண்டு. ஆனால், வேலை செய்துகொண்டிருக்கும்போது விழுபவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். வியர்வையைப் பார்த்து ஏமாறாமல், பேச்சையும் நிதானத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரும் தவறு நடக்கிறது. விழுந்தவரை அப்படியே பைக்கில் நடுவில் உட்கார வைத்து, அனல் காற்றில் பல கிலோமீட்டர் கொண்டு போகிறார்கள். மருத்துவமனை போய்ச் சேரும்போது உடம்பு இன்னும் கொதித்திருக்கும். வெப்ப வாதத்தில் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். ஒருவர் 108-க்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் குளிர்விக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். போனில் ஊர்ப் பெயரோடு, வண்டி வரக்கூடிய பாதை, பக்கத்தில் உள்ள கோயில், டிரான்ஸ்பார்மர் என்று அடையாளம் சொல்லி, ரோட்டு முனையில் ஓர் ஆளை நிறுத்துவது நல்லது.

குளிர்விக்கத் தேவையானது காட்டிலேயே இருக்கிறது. நிழலுக்குத் தூக்கி வந்து, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, மோட்டாரைப் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் விடலாம். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது சுடுதண்ணீர். அதைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். கரன்ட் இல்லையென்றால் குடத்துத் தண்ணீர் போதும். நனைத்த உடம்பின்மேல் துண்டு, முறம், சாக்கு என எது கிடைத்தாலும் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி அக்குள், கழுத்து, தொடையிடுக்கில் வைக்கலாம். விழுந்தவர் பெண்ணாக இருந்தால், கூச்சத்தால் துணியைத் தளர்த்தாமல் விட்டுவிடுவதுண்டு. கூட வேலை செய்யும் பெண்கள் நான்கு பேர் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டால் அந்தத் தயக்கமே தேவையில்லை.

நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதே சரி. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயன் எதுவும் இல்லை. காய்ச்சல் மாத்திரையும் இந்தச் சூட்டைத் தணிக்காது.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

காட்டு வேலைக்குப் போகும் பெண்களில் பலர் காலையிலிருந்து மதியம் வரை ஒரு செம்புத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் அல்ல, ஒதுங்க இடமில்லை. அறுவடை முடிந்த வெட்டவெளியில் மறைவுக்கு ஒரு புதரும் இருக்காது. ‘நிறைய தண்ணீர் குடியுங்கள்’ என்று எத்தனை முறை அறிவுரை சொன்னாலும், இதைச் சரிசெய்யாமல் அவர்கள் குடிக்கப்போவதில்லை. காட்டு உரிமையாளர் நான்கு குச்சி நட்டு, பழைய தார்ப்பாயை மூன்று பக்கம் கட்டி, உள்ளே ஒரு குடம் தண்ணீர் வைத்தால் போதும். அரை மணி நேர வேலைதான். கோடைப் பாதுகாப்பில் இதைவிடச் செலவு குறைந்த, இதைவிடப் பலன் தரும் ஏற்பாடு வேறில்லை.

கணக்கு எளிது. வெயிலில் உழைப்பவர் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம், அதாவது சுமார் 250 மில்லி குடிக்க வேண்டும். காலை 6 மணி முதல் 11 மணி வரை ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 4 லிட்டர். பத்துப் பேர் வேலை செய்தால் 40 லிட்டர். இரண்டு கேன் தண்ணீர், ஓர் ஆளின் ஒருநாள் கூலியைவிடக் குறைவாகவே ஆகும். நீராகாரம், உப்புப் போட்ட மோர், கம்மங்கூழ் எல்லாம் நல்லதுதான். டீ மட்டும் போதாது. முந்தின இரவு மது குடித்தவருக்கு வெயில் சீக்கிரம் தாக்கும்.

உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ் பொட்டலமே சிறந்தது. ஒரு லிட்டர் பொட்டலமும் உண்டு, 200 மில்லி பொட்டலமும் உண்டு. அட்டையில் உள்ள அளவைப் பார்த்துத்தான் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் அதுவே கெடுதல்.

சிறுநீரகத்தின் மீது விழும் வெயில்

மத்திய அமெரிக்காவின் கரும்புக் காடுகளில், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளவயது வெட்டாட்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் விவசாயக் குடும்பங்களில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. எல்லா இடத்துக்கும் ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், தண்ணீரில்லாமல் வெயிலில் திரும்பத் திரும்பக் கடும் உழைப்பு செய்வது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. எல் சால்வடாரில் கரும்பு வெட்டுபவர்களுக்குத் ‘தண்ணீர், ஓய்வு, நிழல்’ என்ற ஏற்பாட்டைச் செய்தபோது, கையில் எடுத்துப் போகும் தண்ணீர்ப் பை, நடமாடும் நிழல் பந்தல், நேரம் வைத்து ஓய்வு என மூன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

நம் ஊர்களில் இதோடு இன்னொரு கெடுதலும் சேர்கிறது. சாயங்காலம் உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள், தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கக்கூடியவை. சிறுநீர் அடர்மஞ்சளாகவோ டீ நிறத்திலோ போகும் நாளில் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

வெளியூரில் இருந்து வந்து முதல் நாள் காட்டில் இறங்கும் இளைஞர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வெயிலில் வேலை செய்து இறந்தவர்களில் பலர் முதல் சில நாள்களிலேயே இறந்திருக்கிறார்கள். முதல் நாள் கால்வாசி வேலை, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுவதுதான் முறை.

கிணறு தூர் எடுக்கும் முன்

நீர் வற்றும் கோடையில்தான் கிணற்றில் தூர் எடுப்பார்கள். பல காலம் புழங்காத கிணற்றின் அடியில் சகதி அழுகி நச்சுக்காற்று தேங்கியிருக்கும். மூச்சுவிடத் தேவையான பிராணவாயு குறைந்திருக்கும். இறங்கியவர் சத்தமில்லாமல் சாய்வார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அடுத்துப் பக்கத்துக் காட்டுக்காரர். ஒரே கிணற்றில் இரண்டு, மூன்று பேர் சாவது இதனால்தான்.

அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. அழுகிய முட்டை வாடை வீசும் வாயு, விளக்கு எரியும்போதே ஆளைக் கொல்லும். அந்த வாயு கூடினால் வாடையே தெரியாமல் போய்விடும். கம்ப்ரசர் காற்றை அடிவரை நெடுநேரம் செலுத்திய பிறகு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்திருக்க, ஒருவர் மட்டும் இறங்கலாம். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது கூடவே கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், கயிற்றால் மேலே இழுக்கலாம். யாரும் பின்னால் இறங்காமல் 101-க்கு அழைக்க வேண்டும். தீயணைப்புத் துறையினரிடம் மூச்சுக் கருவி இருக்கிறது.

வாசகர்கள் கேட்பவை

*சர்க்கரை நோயாளி ஓ.ஆர்.எஸ் குடிக்கலாமா?*

உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் குடிக்கலாம், அதில் சர்க்கரை குறைவுதான். தினசரி பானமாக வேண்டாம். சாதாரண நாளில் தண்ணீரும் மோரும் போதும்.

*இளநீர் எல்லோருக்கும் நல்லதுதானே?*

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு நல்லதல்ல. இளநீரில் பொட்டாசியம் அதிகம். மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

*வெயிலில் இறந்தால் அரசு உதவி உண்டா?*

உண்டு. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வெப்பத்தால் இறப்பு என்பது ஆவணத்தில் பதிவானால்தான் கேட்க முடியும். அதனால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எந்த நேரத்தில், எந்தக் காட்டில், என்ன வேலை செய்தபோது விழுந்தார் என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே தகவல் கொடுத்துவிட வேண்டும்.