பூசலாமா, பழுது பார்க்கலாமா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கோ திருவள்ளூருக்கோ ரயிலில் போயிருக்கிறீர்களா? வெளிப்பக்கம் பூசப்படாத செங்கல் வீடுகளை வழியில் பார்த்திருப்பீர்கள். கையிலிருந்த பணம் உட்பூச்சோடு தீர்ந்துபோயிருக்கும். சில ஆண்டுகளில் கீழ் வரிகளிலுள்ள செங்கல் உதிரத் தொடங்கும். வெள்ளை வெளேரென்று ஏதோ பூத்திருக்கும். "சிமெண்டு பூசிவிட்டால் சரியாகிவிடும்" என்பார் அப்பா. சேமிப்பெல்லாம் சுவருக்குப் போகுமுன் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்!

அந்த வெள்ளைப் பொடி உப்பு. செங்கல்லில் நுண்துளைகள் ஏராளம். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்து நீர் அவற்றின் வழியே மேலேறுகிறது. நுண்புழை ஏற்றம் என்று பாடத்தில் படித்தீர்களே, அதுதான். நீர் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வெயிலில் நீர் ஆவியாகிவிடும். உப்பு எங்கே போகும்? துளைக்குள்ளேயே படிகமாகும். சோடியம் சல்பேட்டு 10 நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது அதன் பருமன் மூன்று மடங்குக்கு மேல் பெருகுகிறது. செங்கல் வேறென்ன செய்யும்? உதிர்கிறது.

இதன்மேல் கெட்டியான சிமெண்டுக் கலவையைப் பூசினால் நீர் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஓதம் இன்னும் உயரே ஏறும். பூச்சின் பின்னால் உப்பு சேர்ந்து, பூச்சே பாளம் பாளமாகப் பெயரும்.

அருகிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியபோது போர்ட்லண்டு சிமெண்டே கிடையாது. அது காப்புரிமை பெற்றது 1824-இல்தான். அன்று சுண்ணாம்புதான். கிளிஞ்சலைச் சுட்டும் அதைச் செய்வார்கள். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மெல்ல இறுகும். இறுகிய பின்னும் நீராவியை வெளியே விடும். பழைய சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுது பார்ப்பது இதனால்தான்.

உங்கள் வீட்டுச் செங்கல் எப்படிப்பட்டது? நகத்தால் கீறிப் பாருங்கள், கோடு விழக்கூடாது. கொல்லையில் மிச்சம் கிடக்கும் கல்லை நன்கு உலர்த்தி எடை போடுங்கள். 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால், அது 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கிறது. சாதாரணச் செங்கல்லுக்கு இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் எல்லை அதுதான்.

கல் நன்றாயிருந்து இடைக்கலவை மட்டும் உதிர்ந்திருந்தால், அதைச் சுரண்டி நனைத்துப் புதுக் கலவை அடைத்தால் போதும். கொத்தனார்கள் 'பாயிண்டிங்' என்பார்கள். கல்லே வேகாத கல்லாயிருந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்காது, பூசத்தான் வேண்டும். அப்போதும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டியெடுத்த பிறகே பூச வேண்டும். சிமெண்டைக் கூட்டினால் வலு கூடும் என்று நினைக்காதீர்கள். சிமெண்டு மிகுந்த கலவை உலரும்போது சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பில் மழை நுழையும். 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் போதும்.

எதைச் செய்தாலும் முதலில் நீர் வரும் வழியைத் தேடுங்கள். குளியலறைச் சாக்கடை சுவரோரம் தேங்குகிறதா? குழாய் கசிகிறதா? சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கிறதா? அதைச் சரிசெய்த அன்றே ஓதம் ஏறியிருக்கும் உயரத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். மாதம் ஒருமுறை அளந்து குறித்து வாருங்கள். கோட்டுக்குக் கீழே ஓதம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகு கொத்தனாரை அழைக்கலாம்.