கோலாப்பூர்ச் செருப்பு: பெயருக்குக் காப்பு, கைகளுக்கு?

2025 ஜூனில் மிலான் நகர ஆடை அணிவகுப்பில் இத்தாலிய நிறுவனமான பிராடா காட்டிய தோல் செருப்பு, கோலாப்பூர்ச் செருப்பைப் பெரிதும் ஒத்திருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அந்நிறுவனம் இந்தியக் கைவினையின் தாக்கத்தை ஒப்புக்கொண்டது. 'நம் பாரம்பரியம் திருடப்பட்டது' என்ற குரல் பரவலாக ஒலித்தது. அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

கருவேலம் பட்டை, கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டு தோலைப் பதனிடுவது டோர் சமூகத்தாரின் வேலையாகவும், அதை வெட்டித் தோல் வாரால் தைப்பது சம்பார் சமூகத்தாரின் வேலையாகவும் இருந்துவந்தது. இரண்டுமே தலித் சமூகங்கள். பின்னல் வேலையில் பெண்களின் பங்கு பெரிது. செருப்பு பண்பாட்டுச் சின்னமானது. அதைச் செய்த கைகளோ தீட்டென ஒதுக்கப்பட்டன.

சட்டம் என்ன தருகிறது? 2019இல் இச்செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பதிவுபெற்ற உரிமையாளர்கள் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது பெயரைத்தான், வடிவத்தை அன்று. பிராடா அப்பெயரைப் பயன்படுத்தவில்லை. கைவினைஞர்களுக்காகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கை 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பதிவுபெற்ற உரிமையாளர்களே வழக்காட வேண்டும் என்றது.

இங்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. சட்டத்தின் 21ஆம் பிரிவு, 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' எனப் பதிவு செய்துகொண்டவருக்கும் வழக்காடும் உரிமையைத் தருகிறது. ஆனால் அப்பதிவு தானாக வருவதில்லை. ஒவ்வொரு கைவினைஞரும் விண்ணப்பிக்க வேண்டும். எழுத்தறிவும் ஆவணங்களும் மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்த விண்ணப்பமே ஒரு சுவர். அதைத் தாண்ட உதவுவது சட்ட மாணவர்கள் உடனே செய்யக்கூடிய பணி.

2025 டிசம்பரில் பிராடா அவ்விரு கழகங்களுடன் ஒப்பந்தம் செய்தது. 2,000 ஜோடிகள் இந்தியாவில் செய்யப்பட்டு, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப்படும் என அறிவிக்கப்பட்டது. தைப்பவரின் கூலி என்ன, அதைத் தீர்மானிக்கும் மேசையில் அவருக்கு இடமுண்டா என்று கேட்க வேண்டும். கூடவே, காளை, எருது வதையைத் தடைசெய்த மகாராஷ்டிரத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இத்தொழிலின் மூலப்பொருளையே தொட்டது. பாரம்பரியப் பெருமை பேசுவோர் அதைப் பேசுவதில்லை.

கைவினை வாழ வேண்டும். ஆனால் அது பிறப்பால் சுமத்தப்படும் கடமையாக வாழக் கூடாது. விரும்பியவர் எவரும் கற்கவும், விரும்பாத கைவினைஞரின் மகள் வேறு தொழிலுக்குப் போகவும் வழி இருக்கும்போதே அது பண்பாடு. அதுவரை அது சாதியின் இன்னொரு பெயர்தான்.