படிச்சுட்டேன்டா!
ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. பத்து சதவிகிதம் தள்ளுபடி என்றால் நம்ம கை சும்மா இருக்குமா? போன மாசம் அலமாரியை எண்ணினேன். படிக்காதது மட்டும் 43! "தூசி தட்டறது நான்தானே?" என்றாள் மனைவி.

சபதம் போட்டேன். இனி புதுசு கிடையாது. தாம்பரம் - பீச் ரயிலில் போக 20 பக்கம், வர 20 பக்கம்.

முதலில் சிக்கியது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. 1948-ல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த களேபரம். நடுவே கிரிக்கெட் ஆடும் சிகந்தராபாத் தமிழ்ப் பையன். ஒரே வாரத்தில் முடிந்தது.

நண்பன் தந்த கல்யாணப் பரிசு அது. பார்க்கும்போதெல்லாம் "படிச்சியா?" என்பான். "பிரமாதம்டா!" என்று புளுகுவேன். இப்போது நிஜமாகவே சொல்லணும். கேட்க அவன் இல்லை.

பரிசு தந்தவர் இருக்கும்போதே படிச்சுடுங்க சார்!