தொக்கு நிற்கும் வேற்றுமை: ‘டீன்ஏஜென்ட்’ என்னும் போலிஷ் கணினி விளையாட்டின் மொழியமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

1995ஆம் ஆண்டு போலந்தில் உருவான ‘டீன்ஏஜென்ட்’ என்னும் சுட்டிச் சொடுக்கும் சாகச விளையாட்டு, ஆடுபவர் இடும் கட்டளையை வினைச்சொல்லோ வேற்றுமை உருபோ இன்றி இரண்டு பெயர்களின் சேர்க்கையாகத் திரையில் காட்டுகிறது. வேற்றுமை வளம் மிக்க மொழியொன்றில் இவ்வமைப்பு எவ்வாறு பொருள் தருகிறது என்பதைத் தமிழ் இலக்கண மரபின் தொகைக் கோட்பாட்டைக் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விளையாட்டின் பனுவல் இன்று எஞ்சி நிற்கும் முறையும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சாகச விளையாட்டு, போலிஷ் மொழி, வேற்றுமை, தொகை, விரி, மின்பனுவல், பதிப்பு.

முன்னுரை

கணினி விளையாட்டைக் காட்சிக் கலையாக மட்டும் நோக்கும் போக்கு பரவலாக உள்ளது. ஆயின் அவற்றுள் ‘சாகச விளையாட்டு’ எனப்படும் வகை பெரிதும் சொற்களால் இயங்குவது. 1980களின் தொடக்கத்தில் ஆடுபவர் வினையையும் பெயரையும் தட்டச்சு செய்து கட்டளையிட்டார். 1987இல் வெளிவந்த ‘மேனியாக் மேன்ஷன்’ என்னும் அமெரிக்க விளையாட்டில் வினைச்சொற்கள் திரையின் அடியில் பட்டியலாக அமைந்தன. ஒரு வினையையும் பின்னர் ஒரு பொருளையும் தேர்ந்தால், இரண்டும் சேர்ந்து ஒரு கட்டளைத் தொடராகத் திரையில் தோன்றும். ஆகவே இவ்வகை விளையாட்டில் ஒரு செயலைச் செய்வதென்பது ஒரு தொடரை ஆக்குவதேயாகும். அத்தொடர் ஆங்கில மொழியின் இயல்புக்கேற்ப அமைந்தது. பிறமொழிகளுக்கு அது பெயர்ந்தபோது நேர்ந்த இடர்ப்பாட்டை உணர்ந்தால்தான் ‘டீன்ஏஜென்ட்’ விளையாட்டின் அமைப்பு விளங்கும்.

விளையாட்டும் அதன் சூழலும்

‘டீன்ஏஜென்ட்’ விளையாட்டை உருவாக்கிய மெட்ரோபோலிஸ் நிறுவனத்தை அட்ரியன் ஹ்மியெலாஷ், க்ஷெகோஷ் மியெஹோவ்ஸ்கி ஆகிய இருவரும் 1992இல் தொடங்கினர். 1993இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘சிறுசிலையின் மர்மம்’ என்னும் பொருள்படும் விளையாட்டு, பிரான்சில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைப் பின்புலமாகக் கொண்டது. கணினி நிரல்களுக்குத் தெளிவான காப்புரிமை தரும் சட்டம் போலந்தில் 1994 பிப்ரவரி 4 அன்றுதான் இயற்றப்பட்டது. அதுவரை சந்தைகளில் படியெடுத்து விற்கப்பட்ட அயல்மொழி விளையாட்டுகளுக்கிடையே சொந்த மொழியில் ஒன்றை ஆக்கி விலைக்கு விற்பது துணிவான முயற்சியே.

‘டீன்ஏஜென்ட்’ விளையாட்டின் கதை எள்ளல் சார்ந்தது. வங்கிகளிலிருந்து தங்கம் மாயமாக மறைகிறது. ‘ஆர்ஜிபி’ என்னும் புலனாய்வு அமைப்பு வேறு வழியின்றிக் குறி கேட்டு, தொலைபேசிக் கையேட்டிலிருந்து மார்க் ஹாப்பர் என்னும் பதின்வயதினனைத் தேர்ந்தெடுக்கிறது. பயிற்சி முகாம், சிற்றூர், செல்வந்தர் மாளிகை என மூன்று களங்களில் கதை நகர்கிறது. இவ்விளையாட்டில் வினைப்பட்டியல் இல்லை. சுட்டியின் ஒரு பொத்தான் ‘பார்’ என்பதற்கும் மற்றொன்று ‘செயல்படு’ என்பதற்கும் உரியவை.

வேற்றுமையும் கட்டளைத் தொடரும்

போலிஷ் மொழியில் விளி உட்பட ஏழு வேற்றுமைகள் உள்ளன. வினைக்கேற்பப் பெயரின் ஈறு மாறும். சாவியைக் குறிக்கும் ‘க்ளுச்’ என்னும் சொல், ‘பயன்படுத்து’ என்னும் வினையோடு சேரும்போது ‘க்ளுச்சா’ எனவும், கருவிப்பொருளில் வரும்போது ‘க்ளுச்செம்’ எனவும் திரியும். ஆங்கிலத்தில் பெயர் எந்த வினையோடு சேர்ந்தாலும் திரிவதில்லை. ஆதலின் வினைப்பட்டியலையும் பெயர்ப்பட்டியலையும் தனித்தனியே வைத்துத் தேவைப்படும்போது ஒட்டிவிடலாம். போலிஷில் அவ்வாறு ஒட்டினால் பிழைத்தொடரே கிடைக்கும். தமிழிலும் இதே நிலைதான். ‘கதவு’ என்பது ‘கதவை’ என உருபேற்கும். ‘மரம்’ என்பதோ சாரியை பெற்று ‘மரத்தை’ என வரும். உருபை இயந்திரம்போல் ஒட்டுவதால் மட்டும் தொடர் அமைந்துவிடாது.

எழுத்துக் குறியீட்டுச் சிக்கலும் இதனோடு சேர்ந்தது. போலிஷ் நெடுங்கணக்கில் மேற்குறி, கீழ்க்குறி முதலியன பெற்ற எழுத்துகள் ஒன்பது. அக்காலக் கணினிகளில் அவற்றுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத குறியீட்டு முறைகள் வழங்கின. எழுத்தின் அடியில் இடப்படும் ‘ஓகோனெக்’ என்னும் சிறுவால் வேற்றுமையையே உணர்த்தவல்லது. வாயிலைக் குறிக்கும் ‘ப்ராமா’ என்னும் சொல்லின் எழுவாய் வடிவும் கருவி வேற்றுமை வடிவும் எழுத்தில் அவ்வாலொன்றினாலேயே வேறுபடுகின்றன. வால் மறைந்தால் வேற்றுமையும் மறையும்.

தொகையும் விரியும்

இச்சிக்கலை ‘டீன்ஏஜென்ட்’ கடக்கும் முறை எளிது. சுட்டுக்குறி ஒரு பொருளின்மேல் நிற்கும்போது அதன் பெயர் மட்டும் திரையில் தோன்றும். கைப்பொருள் ஒன்றைத் தேர்ந்து மற்றொரு பொருளின்மேல் வைத்தால், இன்று ஆடப்படும் வடிவில், இரு பெயர்களும் இடையில் ‘&’ என்னும் குறியோடு தோன்றும். வினையும் உருபும் இல்லை. இரு பெயர்களும் திரிபின்றி எழுவாய் வடிவிலேயே நிற்கின்றன.

தமிழ் இலக்கண நோக்கில் இது கருதத்தக்கது. உம்மைத்தொகையில் ‘உம்’ மறைந்து நிற்கும்; வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கும். இங்கோ உம்மைக்குரிய குறி வெளிப்படையாக நிற்க, உருபு தொக்கு நிற்கிறது. வடிவில் எண்ணுத்தொடர், பொருளில் வேற்றுமைத்தொகை. ‘சாவி & கதவு’ என்பதைச் ‘சாவியும் கதவும்’ என எவரும் கொள்வதில்லை; ‘சாவியால் கதவைத் திற’ என்றே விரித்துக்கொள்வர்.

விரிப்பவர் ஆடுபவரே. உரையாசிரியர்கள் காட்டும் ‘புலிகொல் யானை’ என்னும் தொடரை இருவகையாக விரிக்க இயல்வதுபோல, திரையில் நிற்கும் இரு பெயர்களையும் பலவாறு விரிக்கலாம். கயிற்றை மரத்தில் கட்டுவதா, மரத்தின்மேல் எறிவதா என்பதைத் தொடர் சொல்வதில்லை. சொடுக்கிய பின் நிகழும் அசைவும் மார்க் கூறும் விடையும் விரியைத் தருகின்றன. ஆடுபவர் மனத்தில் கொண்ட விரியும் விளையாட்டு தரும் விரியும் மாறுபடும் இடத்தில் நகை பிறக்கிறது. வடிவமைத்தவர்களின் நோக்கம் எதுவாயினும், இவ்விளையாட்டின் எள்ளலுக்கு இத்தொகையமைப்பு துணைநிற்கிறது என்பது தெளிவு.

உருபு தொகுவதால் மொழியின் சுமை முழுவதும் மார்க்கின் கூற்றுகளுக்கு மாறுகிறது. போலிஷில் தன்மை ஒருமை இறந்தகால வினை பேசுபவரின் பாலையும் காட்டும். ‘செய்தேன்’ என்பதற்கு ஆண் கூற்றில் ஒரு வடிவும் பெண் கூற்றில் மற்றொரு வடிவும் உண்டு. தமிழிலும் ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு இல்லை. ஆதலின் ஆங்கில வடிவை மட்டும் கொண்டு இப்பனுவலை மதிப்பிடுவது முழுமையாகாது.

பனுவலின் எச்சம்

டாஸ் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட இவ்விளையாட்டு இன்றைய கணினிகளில் நேரடியாக இயங்காது. 2001இல் தொடங்கப்பட்ட ‘ஸ்கம்விஎம்’ என்னும் தன்னார்வத் திட்டம் பழைய விளையாட்டுகளின் இயக்கநிரலை மீட்டுருவாக்கம் செய்து வருகிறது. ‘டீன்ஏஜென்ட்’ விளையாட்டைப் பொறுத்தவரை சொற்கள் தனிக் கோப்பில் இல்லை. செயல்நிரலின் உடலுக்குள்ளேயே பதிந்திருந்தன. எனவே அந்நிரலைப் பகுத்து அப்பகுதிகளைத் தனித் தரவுக் கோப்பாக்க வேண்டியிருந்தது. இப்பணி பதிப்பாசிரியரின் பணியோடு ஒப்பிடத்தக்கது. உரிமையாளர்கள் விளையாட்டை இலவசமாக வழங்க இசைந்ததும் அது நிலைபெற உதவிற்று. மூல நிறுவனம் 2008இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி அடுத்த ஆண்டே முடிவுற்றது. பனுவலோ இன்றும் ஆடப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. சாகச விளையாட்டின் கட்டளை ஒரு தொடர். அதன் அமைப்பு மொழிக்கு மொழி வேறுபடும்.

2. ‘டீன்ஏஜென்ட்’ வினையையும் உருபையும் தொகுத்து, விரிக்கும் பொறுப்பை ஆடுபவரிடம் விடுகிறது. வேற்றுமை வளமுடைய மொழிகளுக்கு இவ்வமைப்பு பொருந்துவது.

3. சொற்பட்டியலை மட்டும் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கம் தமிழில் பிழைத்தொடர்களையே தரும். தமிழில் விளையாட்டு ஆக்குவோர் தொடரமைப்பை முதலில் வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

4. நிரலுக்குள் புதைந்த சொற்களும் பனுவலே. அவற்றைப் படிக்கும் இயந்திரம் மறைவதற்கு முன்னரே அவை பிரித்தெடுக்கப்படல் வேண்டும். பின்னர்ச் செய்ய எண்ணினால் படிப்பதற்கு மூலம் இராது.