முப்பது பட்டியலும் பெருகும் பிழையும்

பேரையூர்ச் சந்தையில் தாம் கண்டோர் பெயரை முப்பதின்மர் தனித்தனியே எழுதித் தந்தனர் என்க. ஒவ்வொரு பட்டியலிலும் நூற்றுக்கு ஒன்றே பிழை. அவற்றைத் தொகுப்பின், மெய்ப்பெயர்கள் மீண்டும் மீண்டும் வந்து ஒன்றாயடங்கும். பிழைப்பெயர்களோ வெவ்வேறாய்ப் பெருகும்.

புரதத் துண்டங்களை நிறைகண்டு இனங்காணும் ஆய்விலும் இவ்விடர் உண்டு. 2014-இல் பெங்களூர் உயிர்த்தகவலியல் நிறுவனத்தாரும் அமெரிக்க அறிஞரும் 30 மனித மாதிரிகளை ஆய்ந்து, 17,294 மரபணுக்களின் புரதங்களைக் கண்டதாக அறிவித்தனர். மூக்கின் திசு ஆராயப்படாதிருக்கவும் மோப்பப் புரதங்கள் பல அதில் ஏறியிருந்தமையை அவ்வாண்டே பிறர் எடுத்துக்காட்டினர்.

தடுக்கும் நெறி யாது? தலைகீழாய் எழுதிய பொய்ப்புரதங்களையும் கலந்து தேடி, அவை எத்துணை அகப்படுகின்றன என்பதுகொண்டு பிழையை அளப்பர். இவ்வளவீட்டைத் தனிச்சோதனையிலேயன்றித் தொகுப்பின் இறுதியிலும் செய்தல் வேண்டும். மருந்து காண்பார் இப்பட்டியலை நம்புவராதலின், இதனைச் சிறுபிழையென யாம் கொள்ளேம்.