பூர்விக வீடும் அவசரக் கையெழுத்தும்

பழைய வீட்டை மலிவாக வாங்கி, செப்பனிட்டு, சில மாதங்களில் கூடுதல் விலைக்கு விற்பது அமெரிக்காவில் பெரிய தொழில். இத்தொழிலில் இறங்குவோருக்குச் சொல்லப்படும் முதல் பாடம், விற்றே ஆக வேண்டிய நிலையில் இருப்பவரைத் தேடு என்பது. அத்தகையோரைத் தேடும் இடங்களில் ஒன்று, இறந்தவர்களின் உயில்களையும் சொத்துகளையும் விசாரிக்கும் நீதிமன்றம். அங்குள்ள பதிவேடுகள் பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. யார் இறந்தார், எந்த வீட்டை விட்டுச் சென்றார், வாரிசுகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற விவரம் அங்கிருந்தே கிடைத்துவிடும்.

மதுரையில் இத்தொழிலுக்குத் தனிப்பெயர் இல்லை. ஆனால் தொழில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்று, சிம்மக்கல்லில் வசிக்கும் எனக்கு, இப்பகுதியின் பழைய வீடுகள் எவ்வாறு கைமாறுகின்றன என்பதைக் கவனிப்பது ஒரு பாடநூலைப் படிப்பது போலவே இருக்கிறது.

முதல் வேறுபாடு, தகவல் கிடைக்கும் வழியில் இருக்கிறது. ‘புரொபேட்’ எனப்படும் உயில் மெய்ப்புச் சான்றை, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மாநகரங்கள் சார்ந்த இந்துக்களின் உயில்களுக்குக் கட்டாயமாக்கியது. மதுரைச் சொத்து குறித்து மதுரையில் எழுதப்பட்ட உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. உயில் எழுதும் வழக்கமே இங்கு குறைவு. ஆகவே, புரட்டிப் பார்ப்பதற்கு நீதிமன்றப் பதிவேடு ஏதும் கிடையாது. அந்த இடத்தைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் தெருமுனைத் தேநீர்க் கடையும் தரகரின் நினைவாற்றலும் நிரப்புகின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், ‘வீட்டைக் கொடுக்கிற யோசனை உண்டா?’ என்ற கேள்வி வாசலுக்கு வந்துவிடுகிறது. வீட்டின் மதிப்பும் வாரிசுகளின் நெருக்கடியும் கேட்பவருக்குத் தெரியும். கேட்கப்படுபவருக்குத் தம் பங்கின் அளவுகூடத் தெரியாமல் இருக்கலாம். பேரம் இந்தச் சமமின்மையில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது வேறுபாடு, லாபம் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. அமெரிக்க வணிகர் சமையலறையை மாற்றுகிறார், கூரையைப் புதுப்பிக்கிறார். லாபத்தின் ஒரு பகுதி அந்த வேலைக்கான கூலி. சிம்மக்கல்லில் திண்ணையும் முற்றமும் கிணறும் கொண்ட, அகலம் குறைந்து நீளம் மிகுந்த பழைய வீட்டுக்குக் கட்டட மதிப்பு மிகக் குறைவு, மதிப்பெல்லாம் மனையில்தான். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோ மீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற விதி இருப்பதால், இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் வாய்ப்பும் இல்லை. பிறகு எதைச் செப்பனிட்டு லாபம் ஈட்டுகிறார்கள்? பத்திரத்தை. சிதறிக் கிடக்கும் வாரிசுகளின் கையெழுத்துகளை ஒரே தாளில் சேர்ப்பதுதான் இங்கு நடக்கும் செப்பனிடும் வேலை.

சட்ட அறிஞர் மைக்கேல் ஹெல்லர் 1998இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்நிலையை விளக்க உதவும். சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு மாஸ்கோவின் கடைகள் காலியாகக் கிடக்க, அவற்றின் எதிரே நடைபாதையில் பெட்டிக்கடைகள் பெருகின. ஒவ்வொரு கடை மீதும் பல அமைப்புகளுக்கு உரிமை இருந்தது; எவர் மறுத்தாலும் கடையைத் திறக்க இயலாது. உரிமையாளர்கள் மிகுந்தால் சொத்து பயனின்றிக் கிடக்கும் என்பது அவர் கண்ட முடிவு. மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிக்கப்படாத வீடும் இத்தகையதே. பட்டா தாத்தா பெயரில், மின் இணைப்பு பெரியப்பா பெயரில், வாரிசுகளோ சென்னையிலும் துபாயிலும் விருதுநகரிலும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். வில்லங்கமின்றி விற்றால் ஒரு கோடி ரூபாய் பெறும் வீடு, நான்கு வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரது பங்கு 25 லட்சம். கடன் நெருக்கும் ஒருவரிடம், ‘பிரிக்கப்படாத பாகத்தை யார் வாங்குவார்?’ என்று கேட்டு, 15 லட்சத்துக்கு எழுதி வாங்குகிறார் வெளியார். அவர் உள்ளே வந்துவிட்ட பிறகு மற்ற மூவரின் பங்கையும் வேறு எவரும் தொடத் தயங்குவார்கள். வழக்குக்கு அஞ்சி அவர்கள் 18 லட்சம் வீதம் கொடுத்துவிட்டால், நால்வருக்கும் சேர்த்துக் கிடைத்தது 69 லட்சம். ஓர் ஓட்டைக்கூட மாற்றாமல் 31 லட்சம் குடும்பத்தின் கையை விட்டுப் போகிறது. பத்திரச் செலவு, வழக்குச் செலவு, காத்திருப்புக்கான வட்டி ஆகியவற்றைக் கழித்தாலும் வாங்கியவருக்குக் கணிசமாக மிஞ்சும்.

முதலில் கையெழுத்திடுபவர் யார் என்பதே இதில் முக்கியமான கேள்வி. நான் கவனித்த வரையில், கடன்பட்ட மகன், இறந்துபோன சகோதரரின் மனைவி, திருமணமாகி வெளியூர் சென்ற மகள் ஆகியோரே பெரும்பாலும் முதலில் வருகிறார்கள். மகளுக்கு அவரது பங்கு என்ன என்பதையே வீட்டார் சொல்வதில்லை. ‘ஒரு கையெழுத்துதானே’ என்கிறார்கள். சட்டமோ தெளிவாக இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் குடும்பங்களில், தந்தை தாமே ஈட்டிய சொத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றால், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956 முதலே உள்ள விதி. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வழங்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் திருமணமான மகள்கள் அதில் விடுபட்டிருந்தனர். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆண் வாரிசுகள் முன்வராதவரை குடியிருப்பு வீட்டில் பெண்கள் பாகம் கேட்க இயலாது என்றிருந்த பிரிவும் 2005இல் நீக்கப்பட்டுவிட்டது.

வெளியாரின் நுழைவுக்கும் சட்டத்தில் தடுப்புகள் உண்டு. உயிலின்றி வந்த சொத்தில் முதல் வகுப்பு வாரிசு ஒருவர் தம் பங்கை விற்க முனைந்தால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியார், குடும்பத்தாரோடு சேர்ந்து அவ்வீட்டை அனுபவிக்கும் உரிமையைக் கோர இயலாது என்கிறது சொத்து மாற்றச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. அவரே பிரிவினை கோரி வழக்குத் தொடுத்தால், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அவரது பங்கைக் குடும்பத்தார் வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒரு வாரிசின் பங்கை வாங்கி, நீதிமன்ற ஏலத்தின் வழியாக முழு நிலத்தையும் கைப்பற்றும் முறையால் கறுப்பினக் குடும்பங்கள் ஏராளமான நிலத்தை இழந்தன. அதைத் தடுக்க, வாரிசுகளுக்கு இதே போன்ற உரிமையை வழங்கும் மாதிரிச் சட்டம் அங்கு 2010இல்தான் உருவானது. அதற்கு 117 ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் அந்தக் கேடயம் இருந்தது. எடுத்துப் பிடிப்பதற்குத்தான் ஆளில்லை.

இத்தொழிலுக்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வாங்கும்போது ஒரு முறையும் விற்கும்போது இன்னொரு முறையும் இது விழுந்தால் லாபம் கரைந்துவிடும். எனவே பலர் கிரயம் செய்துகொள்ளாமல், ஒப்பந்தமும் பொது அதிகாரப் பத்திரமும் மட்டும் எழுதிக்கொண்டு, சிறிது முன்பணம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைத் தேடுகிறார்கள். அதிகாரப் பத்திரத்தால் உடைமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உறுதியாகக் கூறிவிட்டது. ஆனால் அந்த அதிகாரத்தைக் கொண்டு, குறிப்பிட்ட விலைக்கு விற்றுவிட முடியும். முழுப் பணம் வராமல் ‘பவர்’ கொடுப்பவர், இடர் முழுவதையும் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

இத்தொழிலில் இருப்போர் அனைவரையும் குற்றவாளிகள் என்று நான் கூறவில்லை. பேசாத சகோதரர்களைப் பேச வைப்பதும், தொலைந்த மூலப் பத்திரத்தைத் தேடுவதும், ஆண்டுக்கணக்கில் பணத்தை முடக்குவதும் உழைப்புதான். அதற்கு ஊதியம் உண்டு. மருத்துவமனைக் கட்டணத்துக்கு உடனே பணம் வேண்டுபவருக்கு, ஐந்தாண்டுக்குப் பிறகு வரும் 25 லட்சத்தைவிட இன்று கிடைக்கும் 15 லட்சம் மேலானதாக இருக்கலாம். விவரம் அறிந்து ஒருவர் கொடுக்கும் தள்ளுபடி சந்தையின் இயல்பு. விவரம் அறியாததால் பறிபோகும் தொகையை அப்படிக் கருத முடியாது.

அந்தச் செப்பனிடும் வேலையைக் குடும்பமே செய்துகொள்ளலாம். குடும்பத்தாருக்கு இடையிலான பாகப்பிரிவினைக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதமே. 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு பங்கு ஒன்றுக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய். குறுகிய வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க இயலாது என்றால், ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்ளலாம். அல்லது அனைவரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டு, முழு வீட்டையும் முழு விலைக்கு விற்கலாம். பண நெருக்கடியில் இருக்கும் உடன்பிறப்புக்கு மற்றவர்கள் ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்தால், வெளியாருக்குக் கதவு திறக்காது. உடன்பாடு எட்டவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருமான வரம்பு இல்லாமலே பெண்களுக்கு அங்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் எட்டப்படும் சமரசத்துக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு.

அரசும் ஒன்று செய்யலாம். ஒருவர் இறந்ததும் குடும்பத்தார் முதலில் நாடுவது வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழை. அது எவருடைய பங்கையும் தீர்மானிக்கும் ஆவணமன்று; ஆனால் எல்லா வாரிசுகளின் பெயரும் இடம்பெறும் தாள் அது. அதனுடன், மகளின் உரிமை, மற்ற வாரிசுகளின் முன்னுரிமை, பாகப்பிரிவினைக் கட்டணம், இலவசச் சட்ட உதவி ஆகியவற்றை எளிய தமிழில் கூறும் ஒரு பக்கத்தை இணைத்துக் கொடுக்க அதிகம் செலவாகாது. தரகர் வாசலுக்கு வருவதற்கு முன் அந்தப் பக்கம் வீட்டுக்குள் வந்திருந்தால், கையெழுத்துப் போடும் பெண் தாம் எதை, என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்பதை அறிந்து கொடுப்பார்.